வீட்டில் எங்களுக்கு இங்கிலீஷ்தான்

1

எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் மலருக்குக் கட்டுரை கேட்டு, மட்டக்களப்புப் புளியந்தீவிலிருந்து சென்ற மாதம் ஒரு குரல் பதிவு வந்தது. மலர்க்குழுவில் இருக்கும் இளம் ஆசிரியை ஒருவர் பேசியிருந்தார். "முப்பது வருசம் வெளிநாட்டில இருக்கீங்க சேர். இஞ்ச படிக்கிற பிள்ளையளுக்கு ஊக்கம் வாற மாதிரி ஏதும் எழுதித் தாங்க."

நான் இங்கிலாந்தில் பஸ் ஓட்டுகிறவன். 'சேர்' என்று கூப்பிட்டதே கூச்சமாக இருந்தது. ஊக்கம் தருவதற்கு என்னிடம் அதிகம் இல்லை. இந்தத் தை மாதம் நான் செய்த ஒரு காரியம்தான் மனதில் கிடந்து அரித்துக்கொண்டிருக்கிறது. அதையே எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம்.

முதலில் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாட்டு இல்லாவிட்டால் நான் அந்த இடத்துக்குப் போயிருக்கவே மாட்டேன்.

தேம்ஸ் நதி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் ஒரு சிறு ஊரில் இருக்கிறோம். நீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. அதற்கு அப்பால் பெரிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் குதங்கள். என் பஸ்ஸின் கடைசித் தரிப்பிடத்துக்கு எதிரே ஒரு பப் இருக்கிறது. வெளியே பூச்சு உரிந்து, உள்ளே கம்பளம் பியர் ஊறிக் கறுத்துப்போன இடம். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பஸ்ஸைத் திருப்பி நிறுத்திவிட்டு அடுத்த ஓட்டத்துக்குக் காத்திருந்தேன். அந்தப் பப்புக்குள் இருந்து ஒரு கிற்றார் சத்தம் வந்தது. வந்தது என்று சொல்லக்கூடாது. யாரோ கோடாரியால் விறகு கொத்துவதுபோல இருந்தது. அதற்கு மேலால் மௌத் ஓர்கன் ஒன்று அழுதது. என் கால் தானாகவே பிரேக்கின் மேல் தாளம் போட்டதைப் பார்த்து நானே சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு லீவு எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மேடை கிடையாது. ஜன்னலோரத்து மேசை இரண்டைத் தள்ளிவிட்டு நாலு பேர் நின்றார்கள். பயணப்பெட்டி அளவான ஒலிபெருக்கி, பியர்க் கூடைகளின் மேல். கலர் விளக்கு இல்லை, புகை இல்லை, மினுங்கும் உடுப்பு இல்லை. பாடுகிறவன் வேலைக்குப் போட்ட சட்டையோடேயே வந்திருந்தான். அவன் பெயர் கெவின். கூரை வேலை செய்கிறவன். மௌத் ஓர்கனும் அவன்தான். 'வண், டூ' என்று சொன்னான், பாட்டு தொடங்கியது. மூன்று நிமிடத்துக்குள் முடிந்தது. மூச்சு விடமுன் அடுத்தது.

இதை இங்கே பப் ரொக் என்கிறார்கள். அடித்தளம் றிதம் அன்ட் புளூஸ். என் மகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்பதற்கும் அதே பெயர்தான், ஆனால் அது வேறு. இது அமெரிக்கக் கறுப்பின மக்களின் பழைய பாட்டு. இசைத்தட்டில் இங்கு வந்து சேர்ந்ததை, துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்த இவர்கள் தங்கள் கைக்கு ஏற்றமாதிரி அடித்துத் திருத்தி வைத்திருக்கிறார்கள். மூன்றே மூன்று கோட், கிற்றாரில் விரல் வைக்கும் மூன்று சுரக்கூட்டு. பாட்டின் பொருளும் பெரிதாக ஒன்றுமில்லை. சம்பள நாள், தவறவிட்ட கடைசி பஸ், சொல்லாமல் போன பெண், சேற்று நாற்றம். கிற்றார்காரன் தன் திறமையைக் காட்டுவதற்கென்று ஐந்து நிமிடம் எடுக்கமாட்டான். பாட்டுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் வாசிப்பான். பிழை வந்தால் சிரித்துவிட்டுத் தொடருவான்.

எனக்கு அது ஏன் அவ்வளவு பிடித்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இந்த நாட்டில் எந்த வாசலில் நின்றாலும் ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டும். கடிதம், கைரேகை, விலாச அத்தாட்சி. என் பெயரையே அவர்கள் படிவத்தில் தலைகீழாகப் போட்டு, அப்பாவின் பெயரை என் குடும்பப் பெயராக்கி, யோகநாதனாகிய என்னை நேதன் ஆக்கிவிட்டார்கள். அந்தப் பாட்டுக்கு முன்னால் மட்டும் நான் எதையும் காட்டத் தேவையில்லை. அவர்களும் எனக்கு எதையும் காட்ட முயலவில்லை. இருக்கிறபடி இரு என்று யாரோ தோளில் தட்டிச் சொன்னதுபோல இருந்தது.

இருக்கிறபடி இருக்க என்னால் முடியவில்லை. இனிச் சொல்லப்போவது அதைத்தான்.

2

தமிழ் ஆட்களிடம் நான் பப்புக்குப் போவதைச் சொன்னதில்லை. பப் என்றாலே குடித்துவிட்டு விழுகிற இடம் என்றுதான் எங்கள் ஆட்களுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கோ பிறந்தநாளுக்கோ கூப்பிட்டால் 'டியூட்டி' என்பேன். மனைவி சாந்திக்கு மட்டும் தெரியும். "அரைக் கிளாசோட வந்திருவீங்கதானே" என்பாள். பாட்டுக் கேட்கப் போகிறேன் என்று அவள் உண்மையாக நம்பினாளோ தெரியாது.

பப்பில் வேறு ஒரு பொய். நான் போகத் தொடங்கிச் சில வருடம் கழித்து, ஒருநாள் இடைவேளையில் சுவரில் இருந்த தொலைக்காட்சியில் செய்தி ஓடியது. ஆங்கிலக் கால்வாயைக் கடந்து சிறு ரப்பர் படகில் வந்திறங்கிய ஆட்களைக் காட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் வழக்கமாக இருக்கும் ஜோர்ஜ் என்ற கிழவர், ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"நேதன், நீ இப்பிடி வந்தவன் இல்லையே?"

பகிடிக்குத்தான் கேட்டார். சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். "சேச்சே. நான் சிங்கப்பூர். அப்பா கப்பலில் என்ஜினியர்" என்றேன். வாயில் எங்கிருந்து வந்ததோ தெரியாது. "அப்போ உன்னுடைய பாஷை?" என்று கேட்டார். "வீட்டில் எங்களுக்கு இங்கிலீஷ்தான்" என்றேன்.

நான் வந்தது படகில் இல்லை. லொறியில், தோடம்பழப் பெட்டிகளுக்குப் பின்னால், இரண்டு நாள் காற்சட்டையிலேயே சிறுநீர் கழித்துக்கொண்டு. அப்பா ஒரு கப்பலிலும் கால் வைத்ததில்லை. அரசாங்க அலுவலகத்தில், கச்சேரியில், கிளார்க்.

ஒரு தடவை சொன்ன பொய்யைப் பிறகு நான் காப்பாற்ற வேண்டியிருந்தது. உள்ளே போகுமுன் போனை அணைப்பேன். கார் தரிப்பிடத்திலேயே அக்காவோடு கதைத்து முடித்துவிடுவேன். எந்த வேடமும் இல்லாத பாட்டைக் கேட்க, ஒவ்வொரு ஞாயிறும் வேடம் போட்டுக்கொண்டு போனேன்.

3

மார்கழி மாதம் பப்பின் சமையலறைக்கு ஒரு புது ஆள் வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோப்பை கழுவுகிற வேலை. நாற்பது வயதிருக்கும். மெலிந்த, கறுத்த உடம்பு. வெறும் கிளாஸ்களை எடுக்க அவர் மேசைகளுக்கு இடையே வரும்போது எனக்குத் தெரிந்துவிட்டது, எங்கட ஆள் என்று. பாட்டு நடக்கும்போது சமையலறைக் கதவைக் காலால் தடுத்து வைத்துக்கொண்டு கேட்பார். கெவின் மௌத் ஓர்கன் வாசித்தால் கழுவுகிற சத்தம் நின்றுவிடும்.

தை மாதம் ஒரு ஞாயிறு, கார் தரிப்பிடத்தில் நின்று மட்டக்களப்பில் இருக்கும் என் அக்காவோடு கதைத்துக்கொண்டிருந்தேன். "ஓம் அக்கா. மறுகா எடுக்கிறன்" என்று சொல்லித் திரும்பினால், குப்பைப் பையோடு அவர் நிற்கிறார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அண்ணன் மட்டக்களப்பா? 'மறுகா' எண்டு சொன்னதக் கேட்ட உடனே தெரிஞ்சிற்று. நான் கதிரவெளி."

போன் இன்னும் காதில் இருப்பதுபோல வைத்துக்கொண்டு, கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். போனில் அப்போது யாரும் இல்லை. அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

அடுத்த ஞாயிறுதான் அது நடந்தது.

கெவின் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் ஆறேழு மௌத் ஓர்கன் வைத்திருப்பான். ஒவ்வொரு சுருதிக்கும் ஒவ்வொன்று. இடைவேளை முடிந்து வந்து பார்த்தால் ஒன்றைக் காணவில்லை. கடைசிப் பாட்டுகளுக்கு வேண்டிய ஒன்று. ஸ்டூலுக்குக் கீழே தேடினார்கள், கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். "கோப்பை கழுவுகிற ஆள் இந்தப் பக்கம் நின்றதைப் பார்த்தேன்" என்று யாரோ சொன்னார்கள்.

பப்பை நடத்துகிறவள் மோரீன். கெட்டவள் அல்ல. அவசரக்காரி. சமையலறைக்குள் போனாள். திரும்பி வரும்போது அந்த மனிதர் அவளுக்கு முன்னால் வந்தார். அவருடைய ஏப்ரன் பைக்குள், துவாயால் சுற்றியபடி மௌத் ஓர்கன் இருந்தது.

"வொஷ்" என்றார் அவர். "ஐ வொஷ். கிளீன்."

"கழுவ எடுத்தது பைக்குள் ஏன் போனது?" என்று மோரீன் கேட்டாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவருக்கு இங்கிலீஷ் அதோடு முடிந்துவிட்டது. தமிழ் வந்தது.

"பியருக்குள்ள விழுந்து கிடந்தது. அப்பிடியே விட்டா உள்ளுக்க ஒட்டிப் புடிச்சிரும், மறுகா சத்தம் வராது. இளஞ்சூட்டுத் தண்ணியில கழுவினன். சூட்டில காயட்டும் எண்டுதான் மடியோட வச்சிருந்தன். களவெடுக்கல்ல. குடுக்கத்தான் வந்தன்."

அந்த அறையில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் விளங்கியது எனக்கு ஒருவனுக்குத்தான்.

மோரீன் சுற்றிப் பார்த்தாள். "இவருடைய பாஷை தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?" பிறகு அவள் கண் என்னிடம் வந்தது. "நேதன், உனக்கு? கொஞ்சமாவது?"

"சொறி மோரீன்" என்றேன். "வீட்டில் எங்களுக்கு இங்கிலீஷ்தான்."

அவர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் எதையோ தேடுவதுபோல ஒரு கணம். ஒரு சொல் போதும் அவருக்கு. என்னைச் சுட்டிக்காட்டி 'தமிழ்' என்று சொல்லியிருந்தால் எல்லாருக்கும் விளங்கியிருக்கும். அவர் சொல்லவில்லை. குனிந்து ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்து, பாரின் மேல் வைத்தார். மோரீன் இனி வரவேண்டாம் என்று கையால் காட்டினாள். கெவின் "விடு மோரீன், சாமான் கிடைத்துவிட்டதுதானே" என்றான். அவர் பின்கதவால் போனார்.

பாட்டு மறுபடி தொடங்கியது. நான் எழுந்து போகவில்லை. கடைசிப் பாட்டு வரைக்கும் இருந்தேன். கைகூடத் தட்டினேன்.

4

வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. சாந்தி புட்டும் மீன்குழம்பும் வைத்தாள். பசிக்கவில்லை என்றேன். "காய்ச்சலா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அந்தக் கையைத் தட்டிவிட்டேன். ஏன் என்று அவளுக்கும் விளங்கவில்லை.

அந்தக் கிழமை முழுவதும் அப்பாவின் நினைவு வந்தது. எனக்குப் பதினேழு வயதில், பக்கத்து வளவில் இருந்த றொனி என்ற பறங்கி இளைஞன், போர்த்துக்கீசர் வழிவந்தவன், எனக்குக் கிற்றார் பழக்கினான். இரும்பு வேலை செய்கிறவன். ஒரு பின்னேரம் புளியந்தீவில் அவர்களுடைய கல்யாண வீடு ஒன்றில் வயலின்காரருக்குப் பின்னால் நின்று வாசித்தேன். அதுவும் மூன்று கோட்தான். கிழவிகளும் எழுந்து ஆடினார்கள். அந்தக் கல்யாணத்துக்கு அப்பாவும் தன் பெரிய அதிகாரியோடு வந்திருந்தார். எனக்கு அது தெரியாது. பாட்டு முடிந்த இடைவெளியில் அதிகாரி கேட்டது காதில் விழுந்தது.

"அது உங்கட மகன் போல இரிக்கே?"

"இல்ல சேர்" என்றார் அப்பா. "அது அவங்கட பொடியன் ஒருத்தன்."

நாற்பது வருடமாக அந்தக் கதையில் பாதிக்கப்பட்டவன் நான் என்றே நினைத்திருந்தேன். அவர் செத்தபோதுகூட அதை மன்னிக்கவில்லை. இப்போது, சிவப்பு விளக்கில் பஸ்ஸை நிறுத்தியிருக்கும்போது, அப்பாவுக்கு அந்த 'இல்ல' எவ்வளவு இலேசாக வந்திருக்கும் என்று விளங்கியது. யோசிக்க நேரமில்லாத இடத்தில் அதுதான் முதலில் வந்து நிற்கிறது. இதை எனக்குச் சாட்டாகச் சொல்லவில்லை. அப்பாவுக்கு மகனை இல்லை என்றதில் கூச்சமாவது இருந்தது. அன்று முழுக்க அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கை தட்டினேன்.

மகள் மதுரா லீட்ஸில் வேலை செய்கிறாள். இருபத்தி நாலு வயது. கிழமைக்கு ஒருமுறை போன் எடுப்பாள், இங்கிலீஷில்தான் கதைப்போம். சனிக்கிழமை எடுத்தபோது அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மனைவிக்குச் சொல்ல வெட்கப்பட்டதை மகளுக்குச் சொல்ல முடிந்தது அந்நியப் பாஷையில் சொன்னதாலோ என்னவோ.

 

"அப்பா" என்றாள். பிறகு இங்கிலீஷில்: "உங்களுக்குத் தமிழ் தெரிந்துகொண்டே தெரியாது என்று சொன்னீர்கள். எனக்கு உண்மையாகவே தெரியாது. நான் அங்கே இருந்திருந்தால் அந்த மனிதருக்கு உதவியே செய்திருக்க முடியாது. அதற்கும் நீங்கள்தான் காரணம்."

அவள் சின்னவளாக இருந்தபோது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போகாமல் நீச்சலுக்குக் கூட்டிப்போனது நான்தான். தமிழ் பழகினால் இங்கிலீஷ் பிடிபடாது என்று யாரோ சொன்னார்கள் என்று அப்போது காரணம் சொன்னேன்.

"இப்போது என்ன செய்யச் சொல்கிறாய்?"

"எனக்குச் சொன்னதை அவர்களுக்குப் போய்ச் சொல்லுங்கள்."

5

புதன்கிழமை மதியம், ஓட்டம் முடிந்து யூனிபோமோடேயே போனேன். பப் வெறுமையாக இருந்தது. மோரீன் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். கெவின் பப்பின் கூரைப் பீலி திருத்துவதற்கு வந்து, ஏணியைச் சாத்திவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒன்றாக இருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. திரும்பிப் போகலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

இருந்துகொண்டு சொல்ல முடியவில்லை, நின்றே சொன்னேன். சிங்கப்பூர் பொய், கப்பல் பொய். நான் இலங்கையில் மட்டக்களப்பு என்ற ஊரில் பிறந்த தமிழன், லொறியில் ஒளிந்து வந்தவன். அன்று அந்த மனிதர் சொன்னது இது, இது, இது என்று ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன். பத்து நாள் பிந்திய மொழிபெயர்ப்பு.

மோரீனின் முகம் சிவந்தது. "அவர் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நீ நின்று கேட்டுக்கொண்டிருந்தாய்."

"ஓம்" என்றேன். பதற்றத்தில் தமிழில்தான் வந்தது. அவளுக்கு அது விளங்கியது.

கெவின் கோப்பையைக் கீழே வைத்தான். "அந்த மௌத் ஓர்கன் மூன்று வருசமாக ஒரு சுரம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ஞாயிறுக்குப் பிறகு தெளிவாகக் கேட்கிறது. நானும் ஏன் என்று யோசித்தேன்." பிறகு என்னை நேராகப் பார்த்தான். "நீ எங்கே பிறந்தாய் என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை, நேதன். பன்னிரண்டு வருசமாக எனக்கு முன்னால் இரண்டு அடி தூரத்தில் இருந்தாய். இங்கே அப்பிடி நடிக்கத் தேவையில்லை என்று உனக்குத் தோன்றவே இல்லையா?"

 அவன் ஏணியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

மோரீன் உள்ளே போய் அந்த மனிதருக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்தாள். உறையில் பெயரும் விலாசமும் எழுதி என் கையில் தந்தாள். "எனக்குச் சொன்னது போதாது" என்று மட்டும் சொன்னாள்.

6

அவர் பெயர் தவராசா என்பதை அந்த உறையில்தான் முதலில் பார்த்தேன். உடுப்புக் கழுவும் கடை ஒன்றுக்கு மேலே ஒரு சிறிய வீடு. கதவைத் திறந்தது அவர் மனைவி சுகந்தி. முதியோர் இல்லத்து வேலை உடுப்போடு நின்றாள். அவளுடைய வேலை விசாவில்தான் குடும்பம் வந்திருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"ஆரு?"

"நான்... அந்தப் பப்பில..." அதற்கு மேல் வரவில்லை.

அவளுக்கு விளங்கிவிட்டது. உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. கதவையும் சாத்தவில்லை.

"அண்டைக்கு வந்து அவர் சாப்பிடல்ல" என்றாள். "கள்ளன் எண்டு சொன்னத்துக்கு இல்ல. தெரியாத சனம், பாசை விளங்காத சனம், சொல்லத்தான் செய்யும். நம்மட ஆள் ஒருத்தர் நிண்டு பாத்துக்கொண்டிருந்தாராம். அதத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கிரான்ல புறந்தவ. இடம்பெயர்ந்து முகாமில கிடந்த காலத்திலயும் நம்மட ஆக்கள் நமக்கு இப்பிடிச் செய்யல்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். உள்ளிருந்து தவராசாவின் குரல் வந்தது.

"ஆருகா அது?" வந்து பார்த்தார்.  "வாங்க, இரிங்க" என்றார்.

கதிரை ஒன்றில் இருந்து உடுப்புகளை எடுத்துவிட்டு எனக்குக் காட்டினார். மோரீன் தந்த கடிதத்தை நீட்டினேன். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடமே தந்தார். "வாசிச்சுச் சொல்லுங்க."

நான் தமிழில் வாசித்தேன். "எல்லாருக்கும் முன்னால ஒங்களக் கள்ளன் மாதிரி நடத்திப்போட்டன். நான் பிழை விட்டிட்டன். எனக்கு வெக்கமா இரிக்கி. ஒங்கட வேல ஒங்களுக்காக இரிக்கி, விருப்பமெண்டா வாங்க..."

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இது அவ சொல்றதா, நீங்க சொல்றதா?"

"எழுதினது அவ" என்றேன்.  "சொல்றது ரெண்டு பேரும்."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே கழுவும் மெஷின்கள் சுற்றுகிற அதிர்வு தரையில் தெரிந்தது.

"நான் ஊரில போட் என்ஜின் திருத்திறவன் அண்ணன்" என்றார். "கடல் தண்ணி போன என்ஜின் எத்தின கழுவி எடுத்திரிக்கன். அந்தச் சாமான் பியருக்குள்ள கிடக்கிறதப் பாத்திட்டுச் சும்மா போக ஏலாமப் போயிற்று. அவ்வளவுதான். அது வடிவா வேல செய்யிதா?"

"செய்யிது. முந்தியவிட நல்லா."

முதன்முதலாக முகம் கொஞ்சம் இளகியது. அந்த இளக்கம் எனக்கு அல்ல, மௌத் ஓர்கனுக்கு.

"அண்டைக்கு ஏன் என்னக் காட்டிக் குடுக்கல்ல?" என்று கேட்டேன். கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்டேன்.

"நீங்க இல்ல எண்டு சொல்றீங்க எண்டா, ஒங்களுக்கு என்னமோ பயம் இரிக்கி எண்டு நினைச்சன். விசாப் பிரச்சினையோ என்னமோ. ஒருத்தர்ர பயத்த நாலு பேருக்கு முன்னால உடைக்கிறதா?"

எனக்கு இருபது வருடமாகப் பிரிட்டிஷ் பாஸ்போட் இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். அந்த வசனத்தைவிடக் கேவலமான ஒன்றை நான் என் வாயால் சொன்னதில்லை. சுகந்தி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். தேத்தண்ணி வரவில்லை. அது சரியென்றே பட்டது.

பப்புக்குத் திரும்பி வர அவர் விரும்பவில்லை. மரக்கறி பொதிசெய்யும் இடம் ஒன்றில் வேலை கிடைத்துவிட்டதாம். "அங்க பாட்டு இல்ல. அது மட்டும்தான்" என்றார்.

7

அன்று வீட்டுக்குப் போய்ச் சாந்தியிடமும் சொன்னேன். அவள் ஏசவில்லை. "அந்தப் பிள்ளை சுகந்திக்கிட்ட நீங்க தனியப் போயிரிக்கக் கூடாது. நானும் வந்திரிப்பன்" என்றாள். அடுத்த கிழமை ஒரு சட்டி கணவாய்க் கறியோடு தானாகவே அந்த வீட்டுக்குப் போய்வந்தாள். சுகந்தி சட்டியைத் திருப்பித் தரும்போது அதற்குள் ஏதோ பலகாரம் வைத்திருந்தாளாம். எனக்கு என்று சொல்லித் தரவில்லை.

பப்புக்கு இப்போதும் போகிறேன். விட்டுவிடலாம் என்று நினைத்தேன். விட்டால் அதுவும் ஒரு ஒளிப்புத்தான். விசயம் தெரிந்ததிலிருந்து ஜோர்ஜ் கிழவர் என்னோடு பேசுவதில்லை. நான் ஒளிந்து வந்தவன் என்பதாலா, அவருக்குப் பொய் சொன்னேன் என்பதாலா என்று கேட்கவில்லை. கெவின் தலையாட்டுவான், முன்புபோலப் பகிடி விடுவதில்லை. ஆனால் பாட்டில் மாற்றம் இல்லை. 'வண், டூ' என்கிறான், கிற்றார் கொத்துகிறது, மூன்று நிமிடத்தில் முடிகிறது. அந்த மௌத் ஓர்கனை எடுத்து அவன் வாசிக்கும்போது, முன்பு ஒட்டிக்கொண்டிருந்த சுரம் இப்போது சுத்தமாக மேலே ஏறுகிறது. அந்த இடத்தில் நான் கிளாஸைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மலருக்கு இவ்வளவோடு அனுப்பிவிடலாம் என்று இருந்தபோது, போன செவ்வாய்க்கிழமை சாந்தியிடம் நம்பர் வாங்கிச் சுகந்தி போன் எடுத்தாள். அவள் என்னோடு நேரே கதைத்தது அன்றைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. "அவருக்குப் பொதி தூக்கித் தூக்கித் தோள் ஏலாது. டொக்டர் அப்பொயின்ட்மென்ட் இரிக்கி. எனக்கு லீவு இல்ல. வேற ஆளும் இல்ல" என்றாள். கடைசி வசனத்தை வேண்டுமென்றே சொன்னாள் என்று விளங்கியது. ஒரு ஓட்டத்தை மாற்றிக்கொண்டு போனேன்.

கிளினிக்கின் வரவேற்பு மேசையில் ஒரு இளம் பெண் கம்பியூட்டரைப் பார்த்தபடி கேட்டாள்.

"கூட வந்திருப்பவர் யார்? மொழிபெயர்ப்பாளரா?"

நான் வாயைத் திறக்க முன்னமே தவராசா சொன்னார். "நோ, நோ. சேம் பிளேஸ். மை பிளேஸ்."

அவள் சிரித்தாள். "அப்பிடி ஒன்று இதில் இல்லையே. குடும்பம், பராமரிப்பாளர், மொழிபெயர்ப்பாளர். இந்த மூன்றில் ஒன்றைத்தான் போடலாம்."

"என்னவாம்?" என்று தவராசா என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் வலிக்கிற தோளை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். நேரம் தாண்டிக்கொண்டிருந்தது.

"அப்ப குடும்பம் எண்டு போடச் சொல்லுங்க. இதுக்கு நிண்டு மினக்கெட ஏலுமா?"

அந்தப் பெண் என் பதிலுக்காகக் காத்திருந்தாள். நான் அவரைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துக்கொண்டு, அவர் சொன்னதை இங்கிலீஷில் சொன்னேன்.